ஏரியில் கிடத்திய கடைக்குட்டி

பிள்ளைகளே,

பாரீஸில் செவ்வாய்க்கிழமை சாமிகளுக்கு விடுமுறை. நம்மூரில் அம்மனுக்குக் கூட்டம் கூடுகிற நாளில், நான் காவல் நிற்கும் மியூசேவைப் பூட்டிவிடுகிறார்கள். மியூசே என்றால் பல தேசத்துப் பழம்பொருள்களை வைத்துக் காட்டும் மாளிகை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து விலகியதும் இந்த வேலை கிடைத்தது. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

போன மாசியில் என்னை வேறோர் அறைக்கு மாற்றினார்கள். அங்கே மூலையில் நம் கிருமாம்பாக்கத்துக் கன்னிமாரில் ஏழாமவள் உட்கார்ந்திருந்தாள். இடது காதோரம் இருந்த மூளியை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஊரில் ஆறு கற்களுக்கும் பக்கத்து வெற்றிடத்துக்குமாக ஏழு இலை போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றியிருப்பார்கள். நான் சொல்கிறேன்.

எனக்குப் பதினெட்டு வயதில் மழை பொய்த்து, ஏரி வெடித்துக் கிடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் கன்னிமாரில் ஒருத்தியைத் தூக்கிப்போய் ஏரி நடுவில் வெயிலில் கிடத்துவது நம் வழக்கம். சூடு பொறுக்காமல் அவள் அழுதால் அதுதான் மழை. "கடைக்குட்டிய தூக்குங்கடா, அவதான் சீக்கிரம் அழுவா" என்றார் என் பெரியப்பா. நாலு பேர் சுமந்தோம். கால்மாட்டில் நான். இறக்கிக் கிடத்தியதும் அவர் அவளிடமே சொன்னார்: "கெட தாயி. காயறது இன்னான்னு உனக்கும் தெரியட்டும்." மழை வரும்வரை யாரும் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. பார்த்தால் மனம் இளகித் தூக்கிவந்துவிடுவோம் அல்லவா?

மூன்றாம் நாள், ஏரியை அளக்க வந்த ஒரு துரையின் மாட்டுவண்டி உள்ளே இறங்கியது. நடுவில் நின்றதும், பிறகு பாரத்தில் முனகிக்கொண்டு கரையேறியதும் காதில் விழுந்தது. வழக்கத்தை மீறக்கூடாதென்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றோம். நானும்தான். மறுநாள் மழை கொட்டியது. குலவையிட்டு ஓடினோம். அவள் கிடந்த பள்ளத்தில் தண்ணீர்தான் இருந்தது.

இங்கே அவள் காலடியில் ஓர் அட்டை: ‘வறண்ட ஏரியில் கைவிடப்பட்டுக் கிடந்தது.’

அறைக்குப் பொறுப்பான துரை நல்ல மனிதர். கோபத்தில் வெயிலில் போட்டோம், கைவிடவில்லை, ஊருக்கு அனுப்புங்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"சாமியைத் தண்டிப்பீர்களா?" என்றார் வியப்போடு.

எங்கள் வீட்டுப் பெண், நாங்கள் கோபிக்கலாம் என்றேன். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு கைகுலுக்கினார். மனு மேலே போகிறது என்று பத்து நாள் நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன். பிறகு பார்த்தால் அட்டை மாறியிருந்தது. நான் சொன்ன மழைக் கதை அச்சில் இருந்தது. கைவிடப்பட்டது என்ற சொல்லும் அப்படியே இருந்தது. இப்போது அவள் முன்னால் முன்பைவிடக் கூட்டம். மறுபடி போய்க் கேட்டதற்கு, தோளைத் தட்டி, அது தன் கையில் இல்லை என்றார்.

இங்குள்ளதெல்லாம் திருட்டு என்று சொல்லமாட்டேன். நம்மவர்களே விற்றவையும் உண்டு, விற்றது விற்றதுதான். இங்கே அவள்மேல் தூசி படிவதில்லை என்பதும் மெய். ஆனால் கிடத்தியவர்கள் திரும்பி வருவார்கள் என்று கிடந்தவளை எடுத்துவந்துவிட்டு, உரியவர்கள் கேட்கும்போது கொடுக்காமலிருப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் சித்தப்பா எழுதியிருக்கிறான். சிற்பி கிடைத்துவிட்டானாம். ஆடிக்குள் புதிய ஏழாமவளை வைத்துவிடலாமாம். பழையவளின் அளவு மட்டும் வேண்டுமாம். "காவல் காக்கறவனே நீதான், உனக்கு இன்னா கஷ்டம்" என்று கேலி வேறு.

கூட்டம் கலைந்த பிறகு நூல் பிடித்து அளந்தேன். உச்சிக்கு ஒரு முடிச்சு, பாதத்துக்கு ஒரு முடிச்சு. இதை அனுப்பினால் ஊருக்கு ஏழு பேரும் இருப்பார்கள். இவளை யாரும் தேடமாட்டார்கள். அட்டையில் எழுதியிருப்பது அன்றைக்கு உண்மையாகிவிடும்.

மூன்று முறை காகிதத்துக்குள் வைத்து மடித்தேன், மூன்று முறையும் எடுத்துவிட்டேன். நூல் என் சீருடைப் பையில் இருக்கிறது. சித்தப்பா கேட்டால், அப்பா இன்னும் அளக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.