மாதா பாட்டிலில் கேசரிக் கலர்

போன ஞாயிற்றுக்கிழமை என் வாய்க்கு ஒரு மூடி தேவைப்பட்டது. கிடைக்கவில்லை.

ஆறாவது படிக்கும் மகள், திரவங்களின் அடர்த்தியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வரி வரியாக, கண்ணை மூடிக்கொண்டு. எனக்குப் பொறுக்குமா? புத்தகத்தைப் பிடுங்கினேன். சமையலறைக்கு வா, அடர்த்தியைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்றேன். மனைவிக்கு அன்று டியூட்டி. கேட்க ஆளில்லை.

நீளக் கண்ணாடி டம்ளர். அடியில் தேன். அதன் மேல் பாத்திரம் கழுவும் பச்சை லிக்விட். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நின்றன. அடுத்தது தண்ணீர்.

‘‘எந்தத் தண்ணிப்பா?’’

அங்கேதான் என் நாக்கு நீண்டது. கடல் தண்ணி வேற, அதுல உப்பு இருக்கு. மத்தபடி தண்ணின்னா தண்ணிதான் பாப்பா, எல்லாம் ஒரே எடைதான்... இப்படிப் பேசிக்கொண்டே போனேன். கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்துகொள், கண்ணுக்குத் தெரியும் என்றேன். வாய் குறுகின பாட்டிலாகப் பார்த்து எடு, மெதுவாக ஊற்ற வேண்டும் என்றேன்.

சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டாள். பிள்ளைகள் கேட்பதில்லை என்று யார் சொன்னது?

நான் குனிந்து, டம்ளரின் மட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியின் முதுகில் வழிந்து, பச்சையின் மேல் மெல்லிய ஆரஞ்சு விரிந்தது. அந்தி வானத்தை யாரோ டம்ளரில் பிடித்தது போல... உச்சியில் நல்லெண்ணெய். நான்கு அடுக்கு. மேலே மகள் கவிழ்த்த பாட்டில் எது என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

சர்ச்சில் சாயங்காலப் பூசை முடித்து வந்த மனைவியின் அக்கா பார்த்தார்.

லூர்து ஊற்றின் புனித நீர் அடைத்து, மாதா உருவத்திலேயே வரும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில். தலையிலிருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. பிரான்சிலிருந்து லீவில் வந்த மைத்துனன், அக்காவுக்கென்று கொண்டுவந்து எங்கள் வீட்டு மாதா படத்தருகே வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை எடுத்துப் போகத்தான் அக்கா உழவர்கரையில் இருக்கும் எங்கள் வீடு வரை வந்திருக்கிறார். மாதா இப்போது கிரீடம் இல்லாமல் ஸின்க் ஓரம் நின்றாள். உள்ளே, இடுப்பு வரை, கேசரிக் கலர்.

மகள்தான் ஆசையாகச் சொன்னாள். ‘‘பெரிம்மா, இங்க பாருங்க, உங்க தண்ணி நடுவுல நிக்குது. கீழயும் போவல, மேலயும் வரல.’’

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரையே பார்த்தார்.

அவர் கணவருக்கு, என் சகலைக்கு, சிறுநீரகம் வேலை செய்வதில்லை. டயாலிசிஸுக்குக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததை அக்கா சொன்னார்.

‘‘ஒரு நாளைக்கி அவருக்கு அளவு தண்ணிதான் தம்பி. மாத்திரைக்கே பாதி போயிடும். மீதியில ஒரு மூடிய இதுக்குன்னு ஒதுக்கி வெச்சிக்குவாரு. அத குடிச்சா அன்னிக்கித் தாகம் தாங்குதுங்கறாரு. போன தபா வந்தது தீந்துபோச்சி. இன்னிக்கி வந்துடும்னு காலையிலேருந்து வாயக்கூட நனைக்காம ஒக்காந்துகினு இருக்காரு.’’

சாப்பிடுகிற கேசரிப் பவுடர்தானே, நிறம் கலந்தால் என்ன என்று இழுத்தேன். டாக்டர் சொல்லாத எதையும் அவர் வாயில் வைக்க மாட்டார் என்றார் அக்கா.

மகளுக்கு விஷயம் லேசாகப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிவிட்டது. தப்பித்துக்கொள்ள அல்ல, அழுகையை அடக்கத்தான் சொன்னாள். ‘‘அப்பாதான் பெரிம்மா சொன்னாரு... தண்ணின்னா தண்ணிதான்னு.’’

என்னால் அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மடக்கு மடக்காகக் குடித்துவிட்டு, மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டுகிறவன் நான். எனக்குத் தண்ணீர் தண்ணீர்தான். ஒரு மூடிக்காக ஒரு பகல் முழுக்கக் காத்திருக்கிறவருக்கு?

அக்கா எழுந்தார். மாதாவைக் கழுவினார். ஆரஞ்சு போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

‘‘உங்க கேன் தண்ணியே ஊத்திக் குடுங்க தம்பி. அவருகிட்ட நானே சொல்லிக்கறேன். வெறும் பாட்டிலோட போயி நிக்க முடியாது.’’

குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. ஊற்றினேன். இடுப்பைத் தாண்டி, மாதாவின் கழுத்து வரை.

அக்கா கிரீடத்தைத் திருகி மூடி, பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனார்.

மகள் டம்ளரருகே வந்து நின்றாள். நான்கு அடுக்கும் கலையாமல் அப்படியே இருந்தன. சோதனை வெற்றிதான்.

‘‘மாதா தண்ணி, கேன் தண்ணி, ரெண்டும் ஒரே எடைதானேப்பா?’’

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். மூடிக்கொண்டேன். அன்றைக்கு ஏற்கெனவே நிறையப் பேசியிருந்தேன்.