கவிச்சி படாத கத்தி

என் தாத்தா எனக்குக் கத்தி செய்து கொடுத்தது பாசத்தினால் அல்ல, என் வாய்க்குப் பயந்துதான். அவர் என் அம்மாவைப் பெற்றவர். ராசிங்காபுரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. வெள்ளாமை வேலை ஓய்ந்த நாளில் மலையில் ஏலக்காட்டுச் சோலிக்குப் போவார். பேரன்மாருக்கெல்லாம் ஆளுக்கொரு கத்தி செய்து கொடுத்தவர் என்னை மட்டும் விட்டுவிட்டார். பொட்டப்பிள்ளைக்குக் கத்தி எதுக்கு என்று வீட்டில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். நான் வாசலில் விழுந்து புரண்டு அழுதேன். மறுநாளும் அழுதேன். தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

கடைசியில் அவரே தோற்றார். உடைந்த அரிவாள் துண்டு ஒன்றைக் கொல்லனிடம் கொடுத்து, என் உள்ளங்கை நீளத்துக்கு அடித்து வாங்கிவந்தார். புளியங்கட்டையில் பிடி போட்டார். என் கையை இழுத்து வைத்துக்கொண்டு விரல் விரலாக அளவு பார்த்துச் செதுக்கினார்.

"இந்தா தாயி. இதைத் தீட்டு, வாயைத் தீட்டாத" என்று சொல்லிக் கையில் வைத்தார்.

மாங்காய் கீறுவேன், குச்சி சீவுவேன், சும்மாவும் வைத்துக்கொண்டு திரிவேன். ஒருமுறை அவரோடு மலைக்குப் போனபோது அவர் குதிகாலில் அட்டை ஏறிவிட்டது. சுண்ணாம்பு எடுக்கப் போனவர் என்னைப் பார்த்தார். பிறகு காலை என் மடியில் தூக்கி வைத்து, "உன் கத்தியால வழிச்சு விடு. காலை நறுக்கிப்புடாத, இன்னும் மலை இறங்கணும்" என்றார். வழித்துவிட்டேன். ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக எத்தனை அட்டையை வேண்டுமானாலும் வழிப்பேன் என்று அன்றைக்குத் தோன்றியது.

நான் பெரிய மனுஷி ஆன வருஷம் அவர் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தார். கஷாயம் குடித்தார், மந்திரித்தார்கள், போய்விட்டார். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் படம் ஏது? உடுத்தின வேட்டியையும் அவரோடு கொண்டுபோய்விட்டார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது அந்தக் கத்திதான். கை வளர்ந்துவிட்டதால் பிடியில் எனக்கு இரண்டு விரல்தான் அடங்கும். இருந்தாலும் பிடித்துப் பார்ப்பேன்.

போடிக்கு வாக்கப்பட்டு வந்தபோது பெட்டியில் புடவைக்கு அடியில் அதுவும் வந்தது. தாத்தா கவிச்சி தொடாத மனுஷன். அதனால் அந்தக் கத்தியைக் கறிக்கோ மீனுக்கோ யாரும் எடுக்க விடமாட்டேன். என் மாமியார் ஒருநாள் அயிரை மீனுக்குக் கேட்டுவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "மலை மேல இருக்கிற சாமிக்குக்கூட இவ்வளவு சுத்தம் பாக்க மாட்டாக, இவ கத்திக்குப் பாக்குறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்படிக் காப்பாற்றி வைத்ததே எனக்கு வினையாக வந்தது.

என் வீட்டுக்காரரின் தங்கையைத் தேவாரம் ஊரில் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வலி எடுத்த அன்று உச்சிவெயில் நேரம். மருத்துவச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"கவிச்சி படாத இரும்பு ஏதாச்சும் கொண்டாங்க, வெரசா! தலைமாட்டுல வைக்கணும்."

பிள்ளை பெறுகிறவள் தலைமாட்டில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காத்து கருப்பு அண்டாது என்பார்கள். பிள்ளைகள் தங்காத வயிறு என்றால் அந்த இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கவிச்சி படாத இரும்பு எது என்று யாரும் யோசிக்கவே இல்லை. மாமியார் நேராக என் பெட்டியைத் திறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் எவள் திறப்பாள்?

பெண் பிறந்தது. வீறிட்டு அழுதது. அன்றைக்கு நானும்தான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. கத்தியைத் துணியில் சுற்றித் தொட்டிலில் கட்டினார்கள். தீட்டுக் கழிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று இருந்தேன். தீட்டுக் கழிந்தது. வண்டி கட்டித் தேவாரம் கிளம்பியபோது பிள்ளையோடு கத்தியும் வண்டியேறியது.

"அத்தே, என் கத்தி..." என்று மாமியாரிடம் இழுத்தேன்.

"பல்லு முளைக்கட்டும் ஆத்தா. காவலா இருந்த இரும்பைப் பாதியில எடுக்கலாமா?" என்றார்.

பல் முளைத்தது. முடி எடுக்கட்டும் என்றார்கள். முடி எடுத்தார்கள். காது குத்தட்டும் என்றார்கள். பிள்ளை நோஞ்சானாக இருந்தது, மாதத்துக்கு ஒரு காய்ச்சல். எப்போது கேட்டாலும் அந்தப் பிள்ளையின் உயிரைக் கேட்கிற மாதிரி இருந்தது. கேட்பதை நிறுத்தினேன். மனசுக்குள் மட்டும் நிறுத்த முடியவில்லை.

இதற்கு நடுவில் நான் உண்டானேன். என் தலைமாட்டில் தாத்தாவின் கத்தி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பிடிவாதம் பிடித்து என் வீட்டுக்காரரைத் தேவாரத்துக்கு விரட்டினேன். பொழுது சாயும் முன்னே வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பிள்ளைக்கு மேலு கொதிக்குது. தலைக்கடியில கத்தி இருக்கு. தங்கச்சி என் மூஞ்சியையே பாக்குறா. எப்படிக் கேக்கச் சொல்ற, நீயே சொல்லு."

எனக்குப் பாக்குவெட்டியை வைத்தார்கள். பையன் பிறந்தான். என் தாத்தாவின் நெற்றி. பால் குடிக்கத் தெம்பில்லாமல் சில நாளிலேயே போய்விட்டான். கத்தி இருந்தால் பிழைத்திருப்பானா? இரும்புக்கு என்ன தெரியும் என்று பகலெல்லாம் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வீட்டில் ஒருவரும் கத்தி என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததில்தான் எல்லோரும் அதையே நினைத்தார்கள் என்று தெரிந்தது.

துக்கத்துக்கு நாத்தனார் வந்தாள். இடுப்பில் பிள்ளை. உள்ளே வந்து உட்கார்ந்தவள் மடியிலிருந்து துணியை அவிழ்த்து, கத்தியை என் முன்னால் தரையில் வைத்தாள்.

"எடுத்துக்க மதினி. உன் பொருளு. நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எடுக்கக் கை போனது. என் கத்தி. என் தாத்தா என் விரலை அளந்து செதுக்கிய பிடி. அவள் பெண் அம்மாவின் இடுப்பிலிருந்து என்னையே பார்த்தது. அப்போதும் அதற்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கத்தியைத் துணியில் சுற்றி அவள் மடியிலேயே திணித்தேன்.

"எனக்கு எதுக்குடி இப்ப? கொண்டு போ. அந்தப் பிள்ளைக்காவது இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை.

காவல் இரும்பைப் பற்றி இன்னொன்று உண்டு. யாருக்காக வைத்தோமோ அவர்களிடம் அதைச் சொல்லக்கூடாது. சொன்னால் காவல் கலைந்துவிடும். அதனால் அந்தப் பெண் தலையணைக்கடியில் ஒரு கத்தி கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தாள், எதற்கென்று தெரியாமல். நோஞ்சான் தேறினாள். என்னைப்போலவே வாயாடி ஆனாள். கல்யாணமும் ஆனது. மலையில் ஏலக்காடு பார்க்கிறவனுக்குக் கொடுத்தார்கள். நாத்தனாரும் என் மாமியாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கத்தியின் கதை தெரிந்த பொம்பளை என்று மிச்சம் நான் ஒருத்திதான்.

போன அறுவடைக்கு முன்னால், அரிசி வாங்க அந்தப் பெண்ணும் புருஷனும் இறங்கி வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில் பொதிமாட்டில் ஏற்ற மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் இடுப்பிலிருந்து எதையோ எடுத்தாள்.

"அத்தே, இந்தச் சனியனைப் பாருங்க. அம்மா சாகும்போதுகூட இதைத் தொலைச்சிராத, தொலைச்சிராதன்னாக. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்கல. கைக்கும் அடங்கல, களைக்கும் ஆகல. கொல்லன்கிட்டப் போட்டு மத்த இரும்போட சேத்து ஒரு அரிவாளா அடிச்சிரலாம்னு பாக்குறேன்."

இது என் தாத்தா கொடுத்தது என்று சொல்லலாம். அப்படியா, எடுத்துக்கங்க என்று உடனே கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு மலையேறுவாள். அந்த மலையில்தான் தாத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. அரிவாளாக அடிக்காதே, அது உன் காவல் என்றும் சொல்ல முடியாது. எதைச் சொன்னாலும் போச்சு. ஒரு காலத்தில் தெருவையே கூட்டிய வாய் எனக்கு.

"என்ன அத்தே, ஊமையாயிட்டீக? உங்களுக்கு வேணுமா? வெத்தலைக் காம்பு கிள்ள ஆகும். இந்தாங்க." மடியில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எத்தனை வருஷம் ஏங்கிய பொருள், கேட்காமலே மடியில் கிடந்தது. தீட்டித் தீட்டி அலகு மெலிந்திருந்தது. பிடி மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். தாத்தா காலை என் மடியில் வைத்திருந்த கனம்கூட ஞாபகம் வந்தது. "தாத்தா, நான் என்ன செய்ய?" என்று வாய்விட்டே கேட்டேன்.

வெளியே அவள் மாட்டை அதட்டும் குரல் கேட்டது. எழுந்துபோய் அரிசி மூட்டையின் கட்டை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, கத்தியை அடியில் வைத்து மறுபடி கட்டினேன்.

"போயிட்டு வர்றேன் அத்தே" என்றாள். "பத்திரம்" என்றேன்.

மூட்டை தீரும்போது கண்டிருப்பாள். கிழவி கைதவறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து வைத்திருக்கிறாளா, கொல்லனிடம் போட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும் அவள் சௌக்கியமா என்று கேட்கிறேன். கத்தி இருக்கிறதா என்று மட்டும் கேட்க முடியவில்லை.