தாளம் தப்பாத அழுகை

புக்கிட் பெருவாங்கில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி, பக்கத்து வீட்டு அழுகை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஓர் ஆண் நெஞ்சு வெடிக்கக் கதறுகிறார். வாசலில் பந்தலும் இல்லை, நாற்காலியும் இல்லை. நம் புதுக்கோட்டைப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டால் யார் வீடு என்றா விசாரிப்போம்? மாலையோடு போய் நின்றுவிடுவோம். முடிதிருத்தும் கடை வேலைக்குக் கடல் கடந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத நானும் போய் நின்றேன். ரோஜா மாலை, தோளில் துண்டு, முகத்தில் அளவான சோகம்.

உள்ளே பிணம் இல்லை. கித்தாரோடு அந்தோணி, பேஸ் கித்தாரோடு செல்வம், டிரம்ஸுக்குப் பின்னால் மணியம்.

"அண்ணே, மாலை யாருக்கு லா?" என்றார் அந்தோணி. அங்கே பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார்கள்.

"இறந்தவருக்கு..."

மணியம் டிரம்ஸ் மேலேயே விழுந்து சிரித்தார். "பாடுனவன்தான் செத்தது! போட்டுட்டுப் போங்கண்ணே!"

அது ரிதம் அண்ட் புளூஸ் என்ற மேற்கத்திய இசையாம். மூவரும் ஒரே ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அந்தோணி மாதா கோயிலில் பாடியவர், மணியம் மாரியம்மன் கோயிலில் உறுமி அடித்தவர். கப்பலில் வேலை பார்த்த ஒரு மாமா கொண்டுவந்த அந்த இசைக் கேசட் எல்லோரையும் ஒரே கொட்டகையில் சேர்த்தது. பிறகு தோட்டம் வீட்டுமனையானது. லயங்களை இடித்த வாரத்தில் அந்தோணி கட்டிய பாட்டைத்தான் நான் சாவு என்று நினைத்திருக்கிறேன். முழுத் தவறென்றும் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை, தஞ்சோங் கிளிங் கடற்கரை ஹோட்டலில் அவர்களுக்குச் சோதனைக் கச்சேரி. பிடித்துப்போனால் வாராவாரம் மேடை. இல்லாவிட்டால் மணியம் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார், குழு அத்தோடு சரி. வேடிக்கை பார்க்க நானும் வேனில் தொற்றிக்கொண்டேன். மேடை ஏறும் நேரத்தில் அந்தோணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உயிரோடு இருப்பவருக்கு மாலை கொண்டுபோனவன் நான்தானே! ஆளை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கொண்டுபோயிருக்கிறது, அரைகுறை மாலை.

அந்தோணி மைக்கை என் கையில் திணித்து, காற்றுக் குரலில் சொன்னார்: "மாலை கொண்டாந்தீங்கல்ல? நீங்களே அழுங்க லா."

"தம்பி, எனக்கு ஒப்பாரிதான் தெரியும்!"

"அதேதான் லா வேணும்!" என்று மணியம் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

பாடினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் மாரடித்துப் பாடுவதை. ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். சாவுப் பாட்டுக்கு! அப்போது சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் மேடையை நோக்கி வந்தார். குடியேற்றத் துறை அதிகாரிதான்! என் வேலை பெர்மிட் முடிவெட்ட மட்டும். விமான நிலையம் கண்ணில் தெரிந்தது. மைக்கோடு இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன்.

"லாகி சத்து!" என்றார் அவர்.

செல்வம் காதைக் கடித்தார்: "கையை இறக்குங்கண்ணே, மேனேஜர் லா. இன்னொண்ணு பாடச் சொல்றாரு."

சனிக்கிழமைகள் கிடைத்தன. மணியம் சிங்கப்பூர் போகவில்லை. அந்தோணிக்கும் குரல் திரும்பியது. நான் கத்தரிக்கோலுக்குத் திரும்பினேன்.

போன வருடம் பெரியப்பா சாவுக்கு ஊருக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி எடுத்ததும் எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. சித்தப்பா முழங்கையால் இடித்தார். "என்னடா பண்றே?" குனிந்து பார்த்தேன். என் வலது கால் மணியத்தின் தாளத்தைப் புழுதி பறக்கத் தட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய் இடது காலால் அதை மிதித்து நிறுத்தினேன். அழுகை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கால் தட்டத் தொடங்கியது.