கை காட்டாத ஊற்று

இப்போது நான் இருக்கும் நகரில் நாய்க்குக்கூடத் தனிக் கட்டில் உண்டு. பாலாற்றங்கரையோரம் வரிசையாக மாடி வீடுகள், தெருமுனையில் காவல்காரர், காலையானால் தண்ணீர் லாரி. என் மகன் இங்கே வீடு வாங்கி என்னையும் கூட்டி வந்துவிட்டான். இந்த நகர் எப்படி வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளி ஒருவர் முதல் வீட்டைக் கட்டினார், அவர் பின்னால் டாக்டர், வக்கீல் எல்லாம் வந்தார்கள் என்பார்கள். அந்த முதலாளியை இங்கே நிறுத்தியது யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான்தான். எனக்கு என் பேரை மட்டும்தான் எழுத வரும். ஆனால் இந்தக் கதையை என்னைவிட்டால் சொல்ல ஆள் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். இந்த இடம் முழுக்க முள்ளுக்காடு. கரையில் எங்கே கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர். கோடையில் எங்கள் தெருவே ஆற்று மணலில் ஊற்று தோண்டித்தான் குடித்தது. இடம் பார்ப்பது என் அத்தை. விடிந்ததும் வெறுங்காலோடு மணலில் நடப்பாள். உள்ளங்கால் எங்கே சில்லென்று கூசுகிறதோ, அங்கே நின்றுவிடுவாள். இரண்டு முழம் தோண்டினால் இளநீர் மாதிரி ஊறும். முதல் குடத்தை மணலுக்கே ஊற்ற வேண்டும். எடுத்து முடித்ததும் முள்ளைப் போட்டு மூடிவிடுவோம். இன்னொரு கண்டிப்பும் உண்டு. வெளியாளுக்கு ஊற்றைக் கை நீட்டிக் காட்டக் கூடாது. காட்டினால் ஊற்று ஓடிவிடும்.

ஒருநாள் அந்த முதலாளி வீடு கட்ட இடம் தேடி மனைவியோடு காரில் வந்தார். கரைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததும் அந்த அம்மா துப்பிவிட்டார்.

“இதுல பருப்பு வேகுமா? நீங்க வேணா தனியா வந்து குடியிருங்க!”

நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முதலாளி எல்லோரையும் கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். நான் வாயைத் திறக்குமுன் என் அக்காள் முந்திக்கொண்டாள்.

“அதப் போயி கேக்கறீங்களே! அதுக்குப் பாவாட நாடாவே கட்டத் தெரியாது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று மணலில் இறங்கினேன். அத்தை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு நடந்து, அவள் மூடி வைத்திருந்த ஊற்றை ஒட்டிப் போய் நின்றேன். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். அத்தை சொன்னதை நான் மீறவில்லை.

டிரைவர் முள்ளை ஒதுக்கினார். அந்த அம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “அடி என் தங்கமே, கல்கண்டு!” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். நான் அக்காளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி அந்த இடத்துக்கு நேராக ஆற்று மணலிலேயே பெரிய கிணறு வெட்டி, தண்ணீர் இறைக்க என்ஜின் வைத்தார். வீடு எழும்பியது. தென்னை வைத்தார்கள். பிறகு இன்னொரு வீடு, இன்னொரு என்ஜின். ஒவ்வொரு வீடு வரும்போதும் நானே கொத்தனார் என்பது போல் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையில் அத்தை ஆறு முழுக்க நடந்தாள். எங்கேயும் கால் கூசவில்லை. பழைய இடத்திலேயே தோள் மறையத் தோண்டிப் பார்த்தாள். காய்ந்த மணல்தான் வந்தது. காலிக் குடங்களோடு பெண்கள் சுற்றி நின்றார்கள். அத்தை குழியிலிருந்து ஏறி வந்து என்னையும் அக்காளையும் பார்த்தாள்.

“எவடீ கை காட்டினது?”

நான் இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். “நான் காட்டல அத்த. அக்காவ வேணா கேளு.”

“ஆமா அத்த, சத்தியமா கை காட்டல,” என்றாள் அக்காள். முதல் முறையாக என் பக்கம் பேசினாள். “கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கினுதான் நின்னா.”

நீட்டிய கைகளை அத்தை பார்க்கவே இல்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஏதாவது குத்தியிருக்கிறதோ என்று நானும் குனிந்து பார்த்தேன்.