கடிகாரம் இல்லாத கம்ப்யூட்டர் காட்டிய நேரம்

பேய், காத்து, கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பிழைத்தவன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்த்ததை என்னால் மாற்றிச் சொல்ல முடியாது.

எண்பதுகளின் கடைசி. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில். ஆயுத பூஜைக்கு மறுநாள், ஆபீஸ் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று மதுரையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சர்வீஸ் வேலை எனக்கு. போனால், அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற செல்வி என்ற பெண்ணை மேனேஜர் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இவதான் கெடுத்தான்னு தெரிஞ்சா இன்னியோட சீட்டுக் கிழிஞ்சிரும்" என்றார் என்னிடம்.

பெட்டியைத் திறந்தேன். பிளாப்பி போடுகிற டிரைவுக்குள் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. பூஜையில் நோட்டு, பேனாவோடு பிளாப்பிகளையும் வைத்துப் பொட்டு இட்டிருக்கிறார்கள். பூஜை போட்டால் மறுநாள் காலை வரை எதையும் எடுக்கக் கூடாது, மில்லில் ஒரு மிஷினும் ஓடாது. எவனோ பொட்டு வைத்த பிளாப்பியை அப்படியே உள்ளே திணித்திருக்கிறான்.

"நான் போடலண்ணே. நேத்து மத்தியானம் பூசை முடிஞ்சதும் ரூமைப் பூட்டிச் சாவிய சார்கிட்டதான் குடுத்தேன். காலைல வந்தா உள்ள ஒண்ணு கெடக்கு" என்றாள் செல்வி.

"பொய்யி. காலைல வந்த அவசரத்துல இவதான் சொருகியிருக்கா" என்றார் மேனேஜர்.

டிரைவை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கார்டுகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஃபேன் ஓடுகிறது, திரை இருட்டு. மதியச் சாப்பாடும் போச்சு. தலைக்கு மேலே நின்று அந்த மேனேஜர் தொணதொணக்க, வந்த ஆத்திரத்தில் பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். கிளம்பிவிட்டது.

அந்த ரகப் பெட்டிக்குள் கடிகாரம் கிடையாது. கரண்டை நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். போடும்போதெல்லாம் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று என்று காட்டி, சரியான தேதியைக் கேட்கும். நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு அது காட்டியது பூஜை நாள் தேதி. நேரம் பிற்பகல் மூன்று இருபது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதே தேதி, அதே மூன்று இருபது.

"அந்நேரம் சாவி ஆருகிட்ட இருந்துச்சு சார்?" என்று செல்வி கேட்டாள். மேனேஜர் முகம் கறுத்துவிட்டது.

"ஏப்பா, இந்தப் பெட்டிக்குத் தானாத் தேதி தெரியுமா? படிச்சவன் நீ சொல்லு."

"தெரியாது சார்" என்றேன்.

"கேட்டியா? கெட்டுப்போன பெட்டி ஒளறுது. நீ கெளம்பு, இனி வேலைக்கு வராத" என்றார் செல்வியிடம்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் இன்னொரு உண்மையும் என் கண்ணெதிரே இருந்தது. அந்தச் சந்தனம் ஈரமாக இழுபட்டு, உள்ளேயே காய்ந்து இறுகியிருந்தது. காலையில் போட்டிருந்தால் காய்ந்த பொட்டு உதிர்ந்திருக்கும், இழுபடாது. பேய்க்குச் சாட்சி சொன்னவன் என்று பேர் வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் படுபாவி மேல் எனக்கு இருக்கிற கோபத்தை விட என் மேல் இருக்கிற கோபம் பெரிது. என் நாக்கு அன்றே அழுகியிருக்கலாம்.

முழுசாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தேன். வாட்ச்மேன் அவளிடம் கையெழுத்து வாங்கி, போகிற நேரத்தை எழுதினார். ஐந்து பத்து.

"ஒங்களுக்குத் தெரியும்ணே" என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவுதான், பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மதுரையில் அந்தப் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தேன். தட்டவே இல்லை, உடனே கிளம்பியது. நான் மில்லுக்குப் போன நாளின் தேதியைக் காட்டியது. நேரம் ஐந்து பத்து. அந்த நேரத்தில் பெட்டி எந்த வயரிலும் இல்லை, என் இரண்டு கைகளில் இருந்தது.