திராட்சைத் தோட்டத்துக்கு வந்த உமரி

நம் பாத்திமா டீச்சர் இறந்துவிட்ட செய்தி போனில் வந்தபோது, ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் புது ஆழ்துளைக் கிணறு போட வந்த போர் லாரி ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலில் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் விளங்கியது. லாரியை நிறுத்தச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். பாதியில் நிறுத்தினால் குழி மூடிக்கொள்ளும் என்றார். நான் மட்டும் உத்தமபாளையத்தில் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

உங்களில் பலருக்கு அவர் தாவரவியல் டீச்சர். எனக்கு ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர். கீழக்கரைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எதையும் வாயில் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். சத்துணவுச் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, “இது பிள்ளைக திங்கவா, சுவத்துல பூசவா?” என்று அவர் போட்ட சத்தத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

போன கோடையில் பழம் தின்னத் தோட்டத்துக்கு அழைத்து வந்தேன். சொட்டுநீர்க் குழாயோரம் ஒரு செடி. நீர் கோத்த தடித்த இலை, நுனியில் பொடிப்பொடியாகப் பூ. வெயிலுக்கும் வாடாத பச்சை, ஆட்டுக்கு ஆகுமென்று களையெடுக்காமல் விட்டிருந்தோம். டீச்சர் ஓர் இலையைக் கிள்ளி மென்றார். முகம் மாறிவிட்டது.

“இது உமரியில்ல? எங்க ஊர்ல கடலோர உப்புச் சேத்துல மொளைக்கிறது. இங்கன எப்படி வந்துச்சு?”

கடற்கரையிலிருந்து லாரியில் வரும் மீன் கழிவைத்தான் கொடிக்கு உரமாகப் போடுகிறோம். “அதுல வெதை வந்திருக்கும். புடுங்கிப் போட்டாப் போச்சு” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

“வெதை வருசா வருசம் வந்திருக்கும்ண்ணே. இப்பத்தான் அதுக்கு மண்ணு பிடிச்சிருக்கு. உங்க போர்த் தண்ணி உப்பாயிருச்சு. அதை நிறுத்தலேன்னா ஒரு கொடி மிஞ்சாது.”

“போரை நிறுத்திட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றாக” என்றார் வீட்டுக்காரர், என்னிடம்.

அப்புறம் கொடியிலைகள் ஓரம் கருகத் தொடங்கின. உமரி குழாயைப் பிடித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனது. பிடுங்கப் பிடுங்க வந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் டீச்சர் போனில் அதைத்தான் கேட்பார். “இன்னும் ஆழமாப் போடுறோம்னு மட்டும் கெளம்பிராதீக. கீழ போகப் போகக் கரிக்கும்.” வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வீங்கிய கண்ணோடு திரும்பினேன். தோட்டத்தில் ஒரே கும்மாளம். தேங்காய் உடைத்திருந்தார்கள். “ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா!” என்றார் வீட்டுக்காரர். குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

டீச்சரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ருசி பார்க்கிற அந்தப் பழக்கம் ஒன்றுதான். கையில் ஏந்தி வாயில் விட்டேன். தொண்டை வரை கரித்தது.

“ஏங்க, இது கடத்தண்ணி. கொடிக்கு விட்டுராதீக.”

“எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவளுக்கு எல்லாம் கரிக்கத்தான் செய்யும்” என்றார். மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைக் கொடிகளின் பக்கம் வெட்டிவிட்டார்.