அக்கா பின்னிவிட்ட ஜடை

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு தேடிப் போய் உடற்பயிற்சி கொடுக்கும் தொண்டு வேலைக்காக, தொண்ணூறுகளின் கடைசியில் பினாங்கிலிருந்து திருவனந்தபுரம் வந்து மூன்று வருடம் இருந்தேன். தினமும் நான் கடைசியாகப் போகும் வீடு வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நாகர்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த ஹோட்டல் சமையல்காரரின் மனைவிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வலது கை விழுந்துவிட்டது. அவரை அக்கா என்று கூப்பிட்டேன். முதல் வருடம் பாதி நாள் என்னைத் திட்டித்தான் அனுப்பினார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாளும், அவர் கையில் பிடித்து அமுக்கும் ரப்பர் பந்தோடு போனேன்.

"இன்னைக்கு அது வேண்டாம் மக்ளே. இங்க வந்து இரி," என்றார்.

அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என் ஜடையை அவிழ்த்துவிட்டு, வலது கையால் சீப்பைப் பிடித்தார். இரண்டு முறை அது நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன்.

"அசையாத, கேட்டியா? நானே எடுப்பேன்."

பின்னி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசி முடிச்சைப் போடும்போது, "அங்க போய் வேற ஆரையாவது அக்கான்னு விளிப்பியா?" என்று கேட்டார்.

"மாட்டேன்க்கா," என்றேன்.

பினாங்கு விமான நிலையத்தில் அம்மா என்னைத் திருப்பிப் பார்த்து, "யாரும்மா பின்னினது? இவ்வளவு கோணலா இருக்கே!" என்று சிரித்தார். அதை அவிழ்க்க எனக்கு இரண்டு நாள் மனம் வரவில்லை.